பிரேசர் தெரு இந்தியாவில் இல்லை: ரங்கூன் கோயில், பள்ளிவாசல், சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தருமகர்த்தாக்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், தேவாலயக் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நகரத்தின் நடுவில், ஒரு மாடி வீட்டின் முன்னறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் என்னை டீச்சர் என்பார்கள், மீதிப்பேர் பர்மிய மொழியில் ஸயாமா என்பார்கள். சென்ற வருடம் மழை முடிந்த சமயத்தில் 'என் தாத்தா' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: 'என் தாத்தாவின் அப்பா இந்தியாவில் பிரேசர் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார்.'

அந்தப் பையன் குடியிருப்பது அனோரதா சாலையில், மூன்றாம் மாடியில். அந்தச் சாலையின் பழைய பெயர்தான் பிரேசர் தெரு. அவன் கொள்ளுத்தாத்தாவின் கடை இருந்த இடத்தை அவன் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது கடந்து போகிறான். தாத்தா பழைய பெயரையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார். பேரனுக்குப் புதுப் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஒரே தெருவை இரண்டு நாடுகளில் வைத்திருந்தார்கள்.

"உன் வீட்டு வாசல்தானடா அது" என்றேன். அவன் நம்பவில்லை. சரி, வா, காட்டுகிறேன் என்று சொன்னேன். அதில் தொடங்கியதுதான் எங்கள் சைக்கிள் சவாரி. இன்று பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் உங்களிடம் சில காரியங்கள் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

ஏன் சைக்கிள் என்று கேட்பீர்கள். முதல் வாரம் நடந்துதான் போனோம். இரண்டு தெரு முடிவதற்குள் சின்னதுகள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டன. காரில் ஏற்றிக்கொண்டு போனால் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் ஓடிப்போய்விடும். இந்த ஊரில் 2003-இலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. சைக்கிளுக்கும் பெரிய சாலைகள் பலவற்றில் அனுமதி இல்லை. ஆனால் நம்முடைய கதை இருப்பது பெரிய சாலையில் இல்லை. அது சின்னத் தெருக்களில் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீடு திரும்பிவிடலாம். பெரிய சாலை குறுக்கே வந்தால் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டு கடப்போம். அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை.

பெற்றோர்கள் முதலில் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. 1970 டிசம்பரில் இந்த நாடு இடப்பக்கம் ஓட்டுவதை விட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் வண்டிகளில் பலவற்றுக்கு இன்றும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அதனால் ஓரமாக நிறுத்திய வண்டியில் தெருப்பக்கக் கதவைத் திறப்பவர் ஓட்டுநர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அவர் பின்னால் பார்க்கும் பழக்கம் இல்லாதவர். ஆகவே நிற்கும் வண்டிக்கும் உனக்கும் நடுவில் ஒரு கதவு அகலம் விட்டுத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். இப்போது சின்னப் பிள்ளைகள்கூட "கதவு, கதவு" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சைக்கிள்கள் எல்லாம் பழையவை. ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை சைக்கிள் நிறுவனங்கள் மூடியபின் கிடப்பில் கிடந்த வண்டிகளை 2019-இல் மைக் தான் துன் வின் என்பவர் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்து, பள்ளிக்கு வெகுதூரம் நடக்கும் ஏழை மாணவர்களுக்குக் கொடுத்தார். அதில் ஒன்று ஒரு பிள்ளையின் அக்காவுக்குக் கிடைத்து, இப்போது தம்பியின் காலுக்கு வந்திருக்கிறது. அவன்தான் எப்போதும் முன்னால் போவான்.

சூலே பகோடாவுக்குப் பக்கத்தில், மகாபந்துலா பூங்கா ஓரத்தில் கூடுவோம். அந்த நேரத்தில் ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? உங்களில் பலர் அதே நேரத்தில்தான் கோயில் நடை திறக்கவோ விடியற்காலைத் தொழுகைக்கோ எழுந்திருப்பீர்கள், அதனால் தெரியும். மோஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் பானைகளில் ஆவி எழும். சோளம் விற்கும் அம்மாவைச் சுற்றிப் புறாக்கள் நூற்றுக்கணக்கில் இறங்கும். பிட்சைக்குப் போகும் துறவிகள் வெறுங்காலுடன் வரிசையாக வருவார்கள். அவர்கள் கடந்து போகும்வரை பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்கள். இளஞ்சிவப்பு உடை போட்ட சின்னப் பெண் துறவிகள் போனால் எங்கள் பெண்பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த வீடுகள். நம் தெருக்களில் ஒரு கட்டடத்துக்கு ஒரு நிறம் என்று கிடையாது. ஒவ்வொரு மாடிக்காரரும் தம் முகப்புக்கு மட்டும் தாம் விரும்பிய நிறம் அடித்துக்கொள்கிறார்கள். கீழே பச்சை, அதற்கு மேல் வானநீலம், அதற்கு மேல் மஞ்சள், உச்சியில் பல வருடமாகப் பெயின்டே காணாமல் மழைப் பாசி படிந்த கறுப்பு. இந்த ஊர் மழையில் எந்த நிறமும் நாலைந்து வருடத்துக்கு மேல் நிற்பதில்லை. அதனால் எப்போதும் ஏதாவது ஒரு மாடி புதிதாக இருக்கும். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு கிளிப்பு, மேல் நுனியில் ஒரு மணி. கீழே பேப்பர்காரரோ காய்கறிக்காரரோ கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஒரு நாள் 29-ஆம் தெருவில் நான்காம் மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "யாரு புள்ளைங்க இது, எல்லாம் தமிழ் பேசுது?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கயிறு கீழே இறங்கியது. கிளிப்பில் ஒரு பை, பையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

சூலேயிலிருந்து மேற்கே போனால் முதலில் போ சுன் பாட் தெரு. அங்கே சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயர் அது. எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அந்த வழி வந்தவர்கள். சூலியா என்ற சொல்லுக்குள்ளே சோழன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லுவார்கள் என்றபோது அந்த இரண்டு பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது மொகல் தெரு. இன்றைய பெயர் ஷ்வே போன்தா. அங்கேதான் நான் அதிக நேரம் நிறுத்துவேன். செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு அது. ஒரு கூடத்துக்குள் பல கடைகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு கணக்குப் பெட்டி. ஐராவதி டெல்டாவின் நெல் வயல்கள் விளைந்ததற்குப் பின்னால் இருந்த கடன் இந்தத் தெருவிலிருந்துதான் போனது. 1930-களில் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் நால்பங்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மிய விவசாயிக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். நம் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு அதை மறைத்தால், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கேட்கும்போது இவர்களிடம் பதில் இருக்காது. அதே சமயம், கிட்டங்கிக்கு வெளியே மூட்டை தூக்கியவர்களும், கப்பல் கழுவியவர்களும், தெருக் கூட்டியவர்களும்தான் நம்மில் பெரும்பாலானோர் என்பதையும் சொல்லுகிறேன். 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். அதில் கடை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

26-ஆம் தெருவில் யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. 1896-இல் கட்டி முடித்த கட்டடம், சுற்றிலும் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள். இன்று இந்த ஊரில் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. நாங்களும் ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தோம். வெளியே வந்ததும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இவங்க இவ்வளவு கொஞ்சப் பேர் இருந்தும் காட்டறாங்க, நம்ம கோயில்ல ஏன் காட்ட மாட்டேங்கறாங்க?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கோயில் வாசலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். எந்தக் கோயில் என்று எழுதப்போவதில்லை. சைக்கிள் உள்ளே வரக்கூடாது, செருப்பு விடும் இடத்தில் சாய்க்கக்கூடாது, மதிலோரமும் கூடாது என்று காவலாளி சொன்னார். அவர் தம் வேலையைச் செய்தார், அவர்மேல் வருத்தம் இல்லை. பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உள்ளே போய் வந்தார்கள், மீதிப்பேர் வெயிலில் சைக்கிளுக்குக் காவல் நின்றார்கள். உள்ளே போனவர்களிடமும் பேச ஒருவரும் இல்லை. கும்பிட்டார்கள், திருநீறு வாங்கினார்கள், வந்துவிட்டார்கள்.

ஆனால் அன்று நடந்த இன்னொரு விஷயம்தான் இந்த மடலை எழுதவைத்தது.

பிராகாரத்துச் சுவரில் சில கற்கள் பதித்திருந்தன. திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர் வெட்டிய கற்கள். ஆனால் அதன்மேல் சுவரோடு சுவராக எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். நல்ல பளபளப்பான மஞ்சள். எழுத்தின் பள்ளம் மட்டும் லேசாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கல்லின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். பள்ளிக்கூடத்தில் நாணயத்தை வைத்துச் செய்கிற விளையாட்டு அது. மெல்ல மெல்ல எழுத்து வந்தது. 'உபயம்' வந்தது. அதற்குக் கீழே 'தஞ்சாவூர் ஜில்லா' வந்தது. அதற்குக் கீழே ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இருந்த இடத்தில் பெயின்ட் தடித்துப் போய்ப் பள்ளத்தையே மூடிவிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் வரவில்லை.

"ஜில்லான்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். பாடப் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் வெளியே அவள் தானாக வாசித்த முதல் தமிழ் அது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாள்.

பெரியவர்களே, கும்பாபிஷேகம் வந்தால் கோயிலுக்கு நிறம் பூசத்தான் வேண்டும். அனோரதா சாலையிலுள்ள காளி கோயில் கோபுரத்தைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 1871-இல் தமிழர்கள் கட்டியது, அந்த நிறங்களைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். சிலைகளுக்கு எத்தனை நிறம் வேண்டுமானாலும் பூசுங்கள். உபயக் கற்களை மட்டும் விட்டுவிடுங்கள். பெயின்டர் வேலை தொடங்கும் முன் அந்தக் கற்களின் மேல் ஒரு காகிதம் ஒட்டச் சொன்னால் போதும். ஏற்கனவே மூடிப்போன கற்களைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் நானும் பிள்ளைகளின் பெற்றோரும் வந்து செய்கிறோம். பெயின்ட் ரிமூவர் வாங்க ஒரு கடைக்காரர் முன்வந்திருக்கிறார். சலவைக்கல்லில் ஆணியோ கத்தியோ வைத்துச் சுரண்டக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் அனுமதி ஒன்றுதான் வேண்டும்.

பழைய ரங்கூன்வாசிகளின் முக்கால்வாசிக் குடும்பங்களுக்குக் கையில் ஒரு தாளும் இல்லை. 1942-இல் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டை விட்டு ஓடினார்கள், பெரும்பாலோர் காட்டு வழியாக நடந்தே. வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். மறுபடி வந்து கால் ஊன்றியவர்களின் கடைகள் 1964-இல் அரசுடைமையாயின. லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள், பத்திரமும் கணக்கும் படமும் இங்கேயே போயின. மிச்சம் இருந்தது சுவரில் வெட்டியது மட்டும்தான். அதுவும் இப்போது மஞ்சள் பெயின்டுக்கு அடியில் இருக்கிறது.

நீங்கள் ஏன் கதவை ஒருக்களித்தே வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. 1964-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். 1982 குடியுரிமைச் சட்டம் வந்தபிறகு அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக நின்றவர்கள். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பழகிய தலைமுறை. என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். தெருவில் தமிழில் சத்தமாகக் கூப்பிட்டால் வாயைப் பொத்துவார். அந்தப் பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. இந்தக் காலத்திலும் கூட்டம் சேர்ப்பது என்றால் யோசிக்கத்தான் வேண்டும். அதனால்தான் நாங்கள் கொடி பிடிப்பதில்லை, பேனர் கட்டுவதில்லை, படம் எடுத்து எங்கும் போடுவதில்லை. பதினொரு பிள்ளைகள், பதினொரு சைக்கிள், ஒரு டீச்சர், பின்னால் வர இரண்டு அப்பாக்கள். அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளிடமும் ஒருக்களித்த கதவையே காட்டினால் என்ன ஆகும்? நம் பிள்ளைகளில் பெரியவர்கள் பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இரண்டு மூன்று இடம் காலியாகிறது. போகிறவர்களை நிறுத்த என்னால் முடியாது, நிறுத்தவும் கூடாது. போகும்போது தாங்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். இன்னொரு நாட்டில் யாராவது "உன் ஊர் எது?" என்று கேட்டால், தான் பார்த்தே இராத ஒரு கிராமத்தின் பெயரை அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். "மொகல் தெரு" என்று சொல்லட்டும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியங்கள் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை, மதிலின் உட்புறம் சைக்கிள் சாய்க்க ஓர் இடம் வேண்டும். சங்கிலி போட ஒரு இரும்புக் கம்பி இருந்தால் நல்லது. குடிதண்ணீர் உங்களிடம் எப்போதும் இருக்கிறது. அப்புறம், வாசலில் ஒரு பலகை. கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, எந்த வருடம் கட்டியது, யார் கட்டியது, இந்தத் தெருவின் பழைய பெயர் என்ன, இன்றைய பெயர் என்ன என்று நான்கு வரி, தமிழிலும் பர்மிய மொழியிலும். பர்மிய மொழி கட்டாயம் வேண்டும். அது நம் பிள்ளைகளின் மொழியும்கூட, பக்கத்துக் கடைக்காரரும் வாசிக்க வேண்டும். யாங்கூன் (ரங்கூனின் இன்றைய பெயர்) பாரம்பரிய அறக்கட்டளை நகரத்தின் முக்கியமான கட்டடங்களில் நீலப் பலகைகள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்கு அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அந்த ஒரு மணி நேரம் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ, யாராக இருந்தாலும் சரி. அவருக்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேதி, வருடம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மூலையில் என்ன கடை இருந்தது, டிராம் எங்கே நின்றது என்று அப்பா சொன்னார், திருவிழாவுக்குப் பந்தல் எதுவரை போட்டார்கள், யார் வீட்டில் தறி இருந்தது, யார் நன்றாக நாகசுரம் வாசித்தார் என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். நான் சொன்னால் பிள்ளைகளுக்கு அது பாடம். உங்களில் ஒருவர் அந்த இடத்திலேயே கையை நீட்டி "அதோ, அந்தப் பச்சை பால்கனிக்குக் கீழே" என்று சொன்னால், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அந்த பால்கனியை மறக்காது.

சில வருடங்களுக்கு முன் இந்த நகரத்தின் பின்சந்துகள் சிலவற்றில் குப்பையை அள்ளிவிட்டுச் சுவரில் நிறம் பூசி, செடி வைத்து, பிள்ளைகள் விளையாட இடமாக்கினார்கள். தோ எய்ன் என்ற அமைப்பு அந்தந்தத் தெருவாசிகளைச் சேர்த்துக்கொண்டு செய்தது. அப்போது தெருக்காரர்கள் பலர் முதலில் நம்பவில்லை, அப்புறம் தாங்களே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நம் வாசல்களுக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று நம்புகிறேன்.

முதலில் சொன்ன பையனின் கதையை முடிக்கவில்லை. அவனை அன்று அனோரதா சாலையில் அவன் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போனேன். தாத்தா கீழே இறங்கி வந்து, சாலையின் எதிர்ப்பக்கம் காட்டி, "அந்த மருந்துக் கடை இருக்கே, அதுதான்" என்றார். 1852-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபின் இந்தத் தெருக்களைக் கட்டம் கட்டமாக அளந்து போட்ட பொறியாளர் பெயர் பிரேசர், அதனால்தான் பிரேசர் தெரு என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். பையன் காதில் எதுவும் விழவில்லை. மருந்துக் கடையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தாத்தாவிடம், "இவ்ளோ பக்கத்துலயா?" என்று கேட்டான்.

வருகிற ஞாயிறு அந்தத் தாத்தாவும் எங்களோடு வருகிறார். சைக்கிள் ஓட்ட முடியாது, அதனால் சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில் வருவார். பேரன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வருவான். காலை ஆறே கால் வாக்கில் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவோம். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. தயவுசெய்து வாசலில் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு வையுங்கள்.

பணிவுடன்,
ஞாயிறு வகுப்பு டீச்சர்
ரங்கூன்